எந்தக் குளத்து வைரஸ்?

சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் பாதையில் ஆராச்சிக்கட்டு, பத்துளுஓயா, முந்தல் என்று ஒவ்வோர் ஊராகக் கடக்கும்போது மேற்குப் பக்கம் சதுரம் சதுரமாகத் தண்ணீர் தெரியும். சில குளங்களில் துடுப்புச் சக்கரங்கள் சுழன்று நுரை தள்ளும். வேறு சிலவற்றில் கரை இடிந்து, மதகுப் பலகை உளுத்து, நடுவில் உமரி மண்டிக் கிடக்கும். உமரி மண்டிய குளங்களில் எத்தனையோ ஒரு காலத்தில் நல்ல காசு பார்த்தவை. அவற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் உடப்பிலும் முந்தலிலும் ஒரே பதில்தான்: இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோய்.

2020இல் கொவிட் வந்தபோது பிசிஆர் என்ற பெயரை நாடு முழுவதும் புதிதாகக் கற்றுக்கொண்டது. இந்தக் கரைக்கு அது பழைய பெயர். இறால் குஞ்சு வாங்கப் போகிறவர் பொரிப்பகத்தில் விலை பேசுவதற்கு முன்னால் “பிசிஆர் ரிப்போர்ட் இருக்கா?” என்று கேட்பது கொவிட்டுக்கு வெகு முன்பே இங்கே வழக்கமாகிவிட்டது. அங்கே மூக்குக்குள் விட்ட குச்சி. இங்கே தாய் இறாலின் நீந்துகாலில் வெட்டிய ஒரு துணுக்கு. மற்றபடி வேலை ஒன்றுதான்.

அந்தப் பரிசோதனையால் விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்று இந்தக் கரையில் 1996இலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. நோய் எங்கிருந்து வந்தது? குஞ்சோடு வந்ததா, கால்வாய்த் தண்ணீரோடு வந்ததா, பக்கத்துக் குளத்திலிருந்து வந்ததா? டிஎன்ஏ வரிசை வாசிப்பு என்ற தொழில்நுட்பம் இந்தக் கடற்கரைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தக் கேள்விதான்.

ஒரே கால்வாய், எல்லார் வாயிலும்

இலங்கையில் வணிக இறால் வளர்ப்பு எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கால் ஊன்றியது. மட்டக்களப்புப் பக்கம் எடுத்த முயற்சிகள் போரோடு நின்றுபோயின. தொழில் வடமேல் கரையில் வந்து குவிந்தது. சிலாபம் களப்பு, முந்தல் களப்பு, புத்தளம் களப்பு, இவற்றை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாய் என்று உவர்நீருக்குப் பஞ்சமில்லாத இடம். கறுப்பு இறாலுக்கு ஜப்பானில் நல்ல விலை. நெல் வயலும் தென்னந்தோட்டமும் உப்பளமும் கண்டல் காடும் குளமாக வெட்டப்பட்டன.

கால்வாய்தான் வரமும் சாபமும். ஒருவர் தண்ணீர் எடுப்பதும் இன்னொருவர் கழிவு விடுவதும் அதே கால்வாயில். நீரோட்டம் மந்தம், வறட்சிக் காலத்தில் அசையவே அசையாது. மேலே ஒரு பண்ணையில் மதகு திறந்தால் கீழே உள்ளவர் தன் பம்பியால் அதையே உறிஞ்சுவார். பண்ணைக்கு வேலி போடலாம், தண்ணீருக்கு எப்படிப் போடுவது?

வெள்ளைப்புள்ளி வைரஸ் முதலில் தலைகாட்டியது 1992 வாக்கில், தாய்வானிலும் சீனாவிலும். 1993இல் சீனாவிலிருந்து இறக்கிய குஞ்சுகளோடு ஜப்பானுக்குப் போனது. தாய்லாந்து, இந்தியா என்று நகர்ந்து 1996இல் இந்தக் கரைக்கு வந்தது. 1998இல் மறுபடி ஓர் அடி. 1999இல் எக்குவடோர் வரை போய்விட்டது. மனிதருக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. இறாலுக்கோ எமன். தீனி எடுப்பதை நிறுத்தும், உடல் சிவக்கும், கரையோரம் வந்து ஒதுங்கும். ஓட்டின் உட்புறம் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள். மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குளம் முழுக்கச் செத்து மிதக்கும். காகமும் கொக்கும் கூட்டமாக வட்டமிடும்போதே பண்ணைக்காரருக்கு வயிற்றில் புளி கரையும். செத்ததைக் கொத்திப் போகும் அந்தப் பறவைகள் பக்கத்துக் குளத்தில் ஒன்றைப் போட்டுவிட்டாலும் போதும். நண்டும் இந்த வைரஸைச் சுமக்கும். இதைத் தாங்கும் கணுக்காலி இனங்களின் பட்டியல் தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

அடுத்த கட்டம் பழிபோடுதல். பொரிப்பகக்காரர் தண்ணீரைக் காட்டுவார். பண்ணைக்காரர் குஞ்சைக் காட்டுவார். இருவரும் சேர்ந்து கால்வாயில் மேலே இருக்கும் மூன்றாமவரைக் காட்டுவார்கள். யாரிடமும் சான்று இல்லை.

இடாப்பில் இல்லாத பெயர்

பிசிஆர் என்பது பள்ளிக்கூடத்தில் இடாப்பு வாசிப்பது மாதிரி. ஒரு பெயரைக் கூப்பிட்டால், அந்தப் பிள்ளை இருந்தால் குரல் கொடுக்கும். இடாப்பில் பெயரே இல்லாத ஒருவன் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தால் ஆசிரியருக்குத் தெரியாது. கேரி மல்லிஸ் 1983இல் யோசித்த முறை இது. 1993இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. வைரஸின் மரபணுவில் ஒரு சிறு துண்டின் இரு முனைகளோடும் ஒட்டக்கூடிய தொடக்கித் துணுக்குகளைச் செய்து போட்டுச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் துண்டு இரட்டிக்கும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியாகும். துண்டு இல்லாவிட்டால் எதுவும் பெருகாது.

இறால் ஆய்வுகூடத்துக்கு என்று சில தனி வித்தைகள் உண்டு. தாய் இறாலைச் சினையிட்ட பிறகு சோதிப்பது நல்லது. சினையிடும் அலைச்சலில்தான் உடம்புக்குள் பதுங்கியிருந்த வைரஸ் பெருகி வெளியே தெரியும். குஞ்சைச் சோதிக்கும்போது கண்ணை நீக்கிவிட வேண்டும், ஏனென்றால் இறால் கண்ணில் உள்ள பொருள்கள் பிசிஆர் வினையையே தடுத்துவிடும். கண்ணோடு அரைத்தால் நோயுள்ள குஞ்சும் நோயில்லாததாகத் தெரியும். சோதனையே இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்திலேயே தெரிந்தால் வைரஸ் ஏராளம் என்று பொருள். இரண்டாவதில் மட்டும் தெரிந்தால் கொஞ்சம்.

பெரும்பாலானவர்கள் ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்று பார்த்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த ‘இல்லை’யின் எடை எவ்வளவு? வழக்கமாக ஒரு தொகுதிக் குஞ்சிலிருந்து 150ஐ எடுப்பார்கள். நூற்றுக்கு இரண்டு குஞ்சுக்காவது தொற்று இருந்தால், இந்த 150இல் ஒன்றாவது அகப்பட 95 வீத வாய்ப்பு உண்டு என்பது கணக்கு. தொற்று ஆயிரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். அப்போது நூறு தடவையில் 86 தடவை அந்த 150இல் ஒன்றும் சிக்காது. அதே குஞ்சில் ஒரு லட்சத்தைக் குளத்தில் விட்டால் நூறு நோயாளிகள் உள்ளே போயாயிற்று. ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. நாம்தான் அது சொல்லாததையும் சேர்த்து வாசித்தோம்.

பெயர் தெரிந்த நோய்க்கே இந்த நிலை. பெயரே தெரியாத நோய் வந்தால்?

2009 அளவில் சீனாவில் குளத்தில் விட்ட சில வாரங்களிலேயே குஞ்சுகள் கூட்டமாகச் செத்தன. அடுத்து வியட்நாம், மலேசியா, தாய்லாந்து. செத்த இறாலில் வெள்ளைப்புள்ளி இல்லை, மஞ்சள்தலை வைரஸும் இல்லை, இடாப்பில் உள்ள எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. 2013இல்தான் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு குற்றவாளியைக் காட்டியது. விப்ரியோ பராஹீமோலிட்டிக்கஸ் என்ற, உவர்நீரில் எங்கும் கிடக்கும் சாதாரணப் பக்டீரியா. அதே இனத்தில் ஒன்று சாது, இன்னொன்று கொலைகாரன். எங்கே வேறுபாடு? இரண்டின் மரபணுத்தொகுதியையும் முழுதாக வாசித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது விடை கிடைத்தது. கொல்லும் பக்டீரியாவுக்குள் ஏறத்தாழ 70,000 எழுத்து நீளமுள்ள தனி டிஎன்ஏ வளையம் ஒன்று, பிளாஸ்மிட் என்பார்கள், இருந்தது. இறாலின் ஈரல்கணையத்தைச் சிதைக்கும் இரண்டு நச்சுப் புரதங்களுக்கான மரபணுக்கள் அந்த வளையத்தில். அது ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் கூடியது. வாசித்த பிறகே அந்த நச்சு மரபணுவைக் கூப்பிடும் பிசிஆர் செய்ய முடிந்தது.

வாசிப்பு முன்னால், இடாப்பு பின்னால். இந்த வரிசை மாறாது. பிசிஆர் கருவி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு இனி கவலை இல்லை என்று இருக்கும் கரை, அடுத்தவர் நாட்டில் இறால் செத்து, அடுத்தவர் வாசித்து, அடுத்தவர் பெயர் வைக்கும் வரை காத்திருக்கும் கரை.

கேம்பிரிட்ஜில் ஒரு சென்னைக்காரர்

வாசிக்கும் வித்தையைத் தொடக்கியவர் பிரெட்ரிக் சாங்கர். 1977இல் பக்டீரியாவைத் தாக்கும் ஒரு சின்ன வைரஸின் ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகளை அவர் குழு முழுதாக வாசித்தது. டிஎன்ஏ முழுக்க ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துதான்; எந்த வரிசையில் என்பதில்தான் வைரஸும் இறாலும் மனிதனும் வேறுபடுவது. சாங்கர் முறை துல்லியமானது, ஆனால் ஆமை வேகம். மனித மரபணுத்தொகுதித் திட்டம் 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது பத்தாண்டுக்கு மேல் ஓடியிருந்தது. செலவு பல நூறு கோடி டொலர்.

வேகத்தை மாற்றியவர்களில் ஒருவர் 1966இல் சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியன். கேம்பிரிட்ஜ் வேதியியலாளர். அவரும் டேவிட் கிளெனர்மனும் 1997 கோடையில் ஊரிலுள்ள ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பேசிய யோசனை, 1998இல் சொலெக்சா என்ற நிறுவனமாயிற்று. 2007இல் அதை அமெரிக்காவின் இலுமினா வாங்கியது. யோசனை இதுதான்: டிஎன்ஏவை வாசிக்கத் தனி வழி தேட வேண்டாம், அது தன்னைப் படியெடுக்கும்போதே வேடிக்கை பார்க்கலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம். புதிய இழையில் ஓர் எழுத்து சேர்ந்ததும் வினை நின்றுவிடும், நிறம் ஒளிரும், படம் பிடித்துக்கொள்ளலாம், பின்பு தடையை நீக்கி அடுத்த எழுத்து. ஒரு சில்லின் மேல் கோடிக்கணக்கான துண்டுகள் இப்படி ஒரே நேரத்தில் வாசிக்கப்படும். பரிசுகளும் ‘சர்’ பட்டமும் அவரைத் தேடி வந்தன. தமிழ்ப் பத்திரிகைகள் ஒரு நாள் பெருமைப்பட்டுவிட்டு மறந்தன. கிரிக்கெட் ஆடியிருந்தால் கதை வேறு.

மூன்றாவது வழி ஒக்ஸ்போர்டிலிருந்து வந்தது. ஒரு சவ்வில் நுண்ணிய புரதத் துளை. அதன் ஊடாக மின்னோட்டம். டிஎன்ஏ இழை துளைக்குள் நுழைந்து போகும்போது ஒவ்வோர் எழுத்துக் கூட்டமும் மின்னோட்டத்தை ஒவ்வொரு விதமாக மறிக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணினி எழுத்தாக மாற்றும். கருவி நூறு கிராம் தேறாது, மடிக்கணினியில் செருகிவிடலாம். 2015இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது இதைப் பயணப் பெட்டியில் கினிக்குக் கொண்டுபோய், மாதிரி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் கூட வைரஸை வாசித்துக் காட்டினார்கள். தொடக்க காலத்தில் எழுத்துப் பிழை அதிகம் என்ற குறை இருந்தது. இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இலங்கைக்கும் இது புதிதல்ல. கொவிட் காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் கொரோனா வைரஸை வாசித்து எந்த வகை எப்போது நாட்டுக்குள் வந்தது என்று அடுத்தடுத்து அறிவித்தது. இங்கேயே பெருகிப் பரவிய பி.1.411 என்ற வகை தெரிய வந்ததும் அப்படித்தான். புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துவுக்கு அப்பால் மன்னாரிலும் ஒரு கதை. மலேரியா ஒழிந்த நாடு என்று 2016 செப்டெம்பரில் இலங்கை சான்றிதழ் வாங்கிய கையோடு, மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அது. இலங்கையில் அதற்கு முன் பதிவானதில்லை. புழுவையும் நுளம்பையும் நுணுக்குக்காட்டியில் பார்த்ததோடு விடாமல் டிஎன்ஏ வரிசையையும் ஒப்பிட்டுத்தான் உறுதி செய்தார்கள்.

தடம் பிடித்தல்

வெள்ளைப்புள்ளி வைரஸின் முழு மரபணுத்தொகுதி 2001இல் வெளியானது. சீன மாதிரியில் 3,05,107 எழுத்து. தாய்லாந்து மாதிரியில் 2,92,967. கொரோனா வைரஸைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. நூற்றெண்பதுக்கு மேற்பட்ட மரபணுக்கள், பெரும்பாலானவற்றுக்கு வேறெந்த உயிரிலும் சொந்தம் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தும் சீனத்தானும் தாய்லாந்துக்காரனும் நீளத்தில் பன்னிரண்டாயிரம் எழுத்து வேறுபடுவது ஏன்? சில இடங்களில் துண்டு துண்டாக இழந்திருக்கிறது. இன்னும் சில இடங்களில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றில் ஒன்று 54 எழுத்துத் தொடர். ஒரு குளத்து வைரஸில் அது ஆறு தடவை வரும், மற்றொன்றில் ஒன்பது தடவை வரலாம்.

நம் கரையின் பழைய வழக்குக்குச் சாட்சி இந்த எண்ணிக்கைதான். ஒரு பண்ணையில் செத்த இறாலின் வைரஸிலும், குஞ்சு கொடுத்த பொரிப்பகத்தின் தாய் இறாலிலும், கால்வாய் நண்டிலும், மேல் பண்ணையிலும் இந்தத் தொடர்களை எண்ணி ஒப்பிட்டால் எது எதற்கு நெருங்கிய உறவு என்று தெரியத் தொடங்கும். வியட்நாமில் இதே வழியில் குளத்துக்குக் குளம் வைரஸின் தடம் பார்த்திருக்கிறார்கள். இது சட்டெனத் தீர்ப்பு எழுதித் தரும் கருவி இல்லை என்பதும் அங்கேயே தெரிந்தது. எண்ணிக்கை விரைவாக மாறக்கூடியது. பக்கத்துப் பக்கத்துக் குளங்களுக்கு, ஒரே பருவத்துக்கு அது நல்ல சாட்சி. பத்தாண்டு இடைவெளிக்கோ நாடு விட்டு நாடு ஒப்பிடவோ வைரஸின் நீண்ட பகுதிகளையே வாசிக்க வேண்டும்.

பிசிஆர் ‘உண்டு’ என்று சொல்வதையும் சில நேரம் வாசிப்புதான் திருத்துகிறது. இறாலைக் குட்டையாக்கும் ஒரு வைரஸின் துண்டுகள் ஆபிரிக்க, ஆஸ்திரேலியக் கறுப்பு இறால்களின் சொந்த மரபணுத்தொகுதிக்குள்ளேயே ஒட்டிக் கிடப்பதை 2006இல் கண்டார்கள். எப்போதோ ஒரு முன்னோரைத் தொற்றிய வைரஸ் அங்கேயே தங்கி, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. இறாலுக்கு நோய் இல்லை. ஆனால் இடாப்பில் பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்கும். வெள்ளைப்புள்ளியின் தூரத்து உறவுகளும் இப்படி இறால், நண்டு வகைகளின் மரபணுவில் கிடைத்திருக்கின்றன. நல்ல தாய் இறாலை நோயாளி என்று கொன்றுவிடாமல் இருக்க, சந்தேகமான ரிப்போர்ட்டுகளையாவது வரிசையாக வாசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது இந்தக் கரையில் கறுப்பு இறாலோடு வனாமி என்ற இன்னோர் இறால் இனமும் வளர்கிறது. வனாமியின் தாய் இறால் ‘குறித்த நோய்கள் அற்றது’ என்ற சான்றிதழோடு வருகிறது. குறித்த நோய்கள் என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் உள்ளவை அதில் இல்லை; பட்டியலுக்கு வெளியே உள்ளதைப் பற்றிச் சான்றிதழ் வாய் திறப்பதில்லை. அந்த இனத்தின் மரபணுத்தொகுதியைச் சீன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட கால் பங்கு ஒரே குட்டித் தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள். அதுவரை வாசித்த விலங்குகளில் அவ்வளவு மீள்தொடர் வேறெதிலும் இல்லை. துண்டு துண்டாக வாசித்து ஒட்டுகிறவருக்கு இது நரகம். இந்தியாவின் வெள்ளை இறாலைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் வாசித்திருக்கிறது. பாக்கு நீரிணைக்கு இரு பக்கமும் கடல் ஒன்று, இறால் ஒன்று, நோய் ஒன்று. வாசிப்பவர்கள் மட்டும் ஏன் தனித்தனியாக இருக்க வேண்டும்?

யார் வாசிப்பது, யாருக்குச் சொல்வது

இந்தத் தொழிலைக் காப்பாற்றி வைத்திருப்பது கருவி இல்லை, நாட்காட்டி. நக்டா என்று இங்கே எல்லாரும் சொல்லும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து கரையை ஐந்து வலயங்களாக, அவற்றுக்குள் துணை வலயங்களாகப் பிரித்து, யார் எப்போது குஞ்சு விடலாம் என்று பருவத்துக்குப் பருவம் தீர்மானிக்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கால்வாயில் கை வைக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. குஞ்சு விடுமுன் பிசிஆர் ரிப்போர்ட் வேண்டும். பத்துளுஓயாவில் நக்டாவின் கண்காணிப்பு அலகு இருக்கிறது. கற்பிட்டியில் நாரா எனப்படும் தேசிய நீர்வள ஆய்வு முகவரகத்தின் நிலையம். தண்ணீர் பொதுச் சொத்து என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டு கூடி உட்கார்ந்த மீன்வளர்ப்புச் சமூகங்கள் உலகிலேயே அதிகமில்லை. இந்த ஒன்றுக்காக வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே வந்து எழுதிப் போகிறார்கள்.

வரிசை வாசிப்பு பயன்பட வேண்டுமானால் இந்த நாட்காட்டிக்குள்தான் அது நுழைய வேண்டும். தனியொருவர் தன் குளத்து மாதிரியை மட்டும் அனுப்பி வாசித்து வாங்கினால் கையில் இருப்பது மூன்று லட்சம் எழுத்து, ஒப்பிட ஒன்றுமில்லை. எல்லா வலயத்திலும் ஒவ்வொரு பருவமும் சில மாதிரிகள். நோய் வந்த குளத்திலிருந்து மட்டுமல்ல, வராத குளத்திலிருந்தும், கால்வாயிலிருந்தும், நண்டிலிருந்தும், பொரிப்பகத்திலிருந்தும். நீரிலுள்ள பக்டீரியாக்களின் கூட்டத்தையே மொத்தமாக வாசிக்கும் முறையும் உண்டு. எல்லாப் பக்டீரியாவிலும் இருக்கும், ஆயிரத்தைந்நூறு எழுத்து அளவுள்ள ஒரு மரபணுவை வைத்து யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது. ஆனால் விப்ரியோவில் சாதுவையும் கொலைகாரனையும் அந்த ஒரு மரபணு பிரித்துக் காட்டாது, பிளாஸ்மிட்டைத் தனியாகத்தான் தேட வேண்டும். எதை வாசிக்கிறோம் என்று தெரியாமல் மலிவான வாசிப்பை வாங்கினால் பணம்தான் போகும்.

செலவை விட நேரம் பெரிய பகை. வெள்ளைப்புள்ளி ஒரு வாரத்தில் வேலையை முடித்துவிடும். மாதிரியைக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பி ஒரு மாதத்தில் விடை வந்தால் அது ஆய்வுக் கட்டுரைக்கு உதவும், குளத்துக்கு உதவாது. சின்னக் கருவி இங்கேயே இருந்தாலும் அதன் இரசாயனங்கள் டொலரில் வாங்க வேண்டியவை, குளிரில் இருக்க வேண்டியவை. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாடு இது. துடுப்புச் சக்கரத்துக்கு ஜெனரேட்டர் வைத்தவர்களுக்கு டீசல் கிடைக்காமல் போன காலம். உறைகுளிர்ப் பெட்டிக்கு யார் டீசல் கொடுத்திருப்பார்கள்?

இவை எல்லாவற்றையும் பணத்தால் தீர்த்துவிடலாம். பணத்தால் தீராத ஒன்று இருக்கிறது. குளத்தில் நோய் கண்டவர் சங்கத்துக்கும் அதிகாரிக்கும் உடனே சொல்ல வேண்டும், மதகை அடைக்க வேண்டும், பிளீச்சிங் பவுடர் போட்டு வைரஸைக் கொன்ற பிறகே நீரை வெளியே விட வேண்டும். ஓரளவு வளர்ந்த இறால் குளத்தில் நிற்கும்போது இதைச் செய்யக் கல்மனம் வேண்டும். இரவோடு இரவாக வலை போட்டுப் பிடித்து, கிடைத்த விலைக்கு விற்று, தண்ணீரைத் திறந்துவிட்டால் கடனில் பாதியாவது அடையும். செய்தி கசிந்தால் வியாபாரி விலையை இன்னும் அடிப்பார். இதுவரை அப்படித் திறந்துவிட்டவரை யாரும் கைகாட்ட முடியாது, கால்வாய்க்குள் கலந்த பிறகு எல்லாம் ஒரே தண்ணீர். வைரஸின் எழுத்துகளை எண்ணத் தொடங்கினால் கைகாட்ட முடியும். அப்போது தன் குளத்து மாதிரியைத் தானே முன்வந்து யார் கொடுப்பார்? நட்ட ஈடு உண்டா, ஆய்வுகூடம் பண்ணையின் பெயரை யாரிடம் சொல்லும், சங்கக் கூட்டத்தில் அதை வெளிப்படையாக வாசிப்பதா, வலய எண்ணோடு நிறுத்திக்கொள்வதா என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுத்தான் முதல் கருவியை இங்கே இறக்க வேண்டும். அந்தப் பேச்சு அடுத்த பருவத்து நாட்காட்டிக் கூட்டத்திலேயே தொடங்கலாம். அதற்கு டொலரும் வேண்டாம், டீசலும் வேண்டாம்.